இம்மாதச் சிக்கனக்காரர்

வீட்டுக் கணக்குச் செயலியை எல்லோருடைய கணினியிலும் இணைத்தது நான்தான். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், யாருக்கு எவ்வளவு வெந்நீர் என்பதெல்லாம் அவரவர் பெயரில் உடனுக்குடன் பதிவாகும். என்னோடும் என் மனைவி பொற்கொடியோடும் தங்க வந்த மாமனார் தணிகாசலத்தின் பழைய மடிக்கணினியிலும், "மாமாவும் பார்க்கட்டுமே" என்று நானே போட்டுக்கொடுத்தேன்.

மாதக் கடைசியில் எல்லாத் திரைகளிலும் பூ உதிர்ந்தது. ‘இம்மாதச் சிக்கனக்காரர்: தணிகாசலம். உணவுச் செலவு பாதியாகக் குறைந்தது.’ நான் கைதட்டினேன். மாமனார் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

மறுநாள் மதியம் ஒரு வேலையாகக் கோயில் பக்கம் போனேன். அன்னதான வரிசையில், கையில் டோக்கனோடு அவர் நின்றிருந்தார்.

"என்ன மாமா இது? நம்ம வீட்ல சோறு இல்லையா?"

வரிசையே திரும்பி என்னைப் பார்த்தது. அவர்தான் பதறி, என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார்.

"பொண்ணு வீட்ல உக்காந்து சாப்பிடுறேன் மாப்ளே. ஒவ்வொரு தடவ சோறு போட்டுக்கும்போதும் உங்க எல்லார் திரையிலயும் என் பேரு வருது. பொற்கொடிகிட்ட சொல்லிடாதீங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நீங்க சாப்டீங்களா? வாங்க, இங்க யாரும் கணக்கு பாக்க மாட்டாங்க."