சாபம் கழிக்கும் முள்

"என் தம்பி செத்துப்போகணும்! அவன் வீட்டுல விளக்கே எரியக் கூடாது!"

பூங்கொடிக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே கத்தினாள் பபிதா. சாணிப் பொம்மையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பீகார்ப் பெண்களும் தத்தம் அண்ணன் தம்பிகளைச் சிரிக்கச் சிரிக்கச் சபித்தார்கள். தீபாவளி லீவுக்குப் பபிதாவோடு அவள் ஊரைப் பார்க்க வந்திருந்த பூங்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயப்படாதீங்கக்கா, எங்க ஊரு வழக்கம்." திருப்பூர் பனியன் கம்பெனியில் பூங்கொடியின் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து கற்ற தமிழ். "முதல்ல திட்டணும். அப்புறம் திட்டுன நாக்குல முள்ளைக் குத்தி, நூறு வயசு இருடான்னு சொல்லணும். சாபம் கழிஞ்சிரும். உங்களுக்கும் அண்ணன் இருக்காருல்ல? திட்டுங்க!"

பூங்கொடி கைமாறி வந்துகொண்டிருந்த முள்ளையே பார்த்தாள்.

"கம்பெனில என்னை மட்டும் என்ன திட்டு திட்டுவீங்க!" என்று சீண்டினாள் பபிதா.

"நான் ஏற்கெனவே திட்டிட்டேன், பபிதா."

தோட்டத்தை அண்ணன் தன் பேருக்கு எழுதிக்கொண்ட அன்று, 'நெஞ்சு வெடிச்சுச் சாவு' என்று மண்ணை வாரித் தூற்றியிருந்தாள். இன்று காலை கோயமுத்தூரில் அவனுக்கு நெஞ்சில் ஆபரேஷன். நேற்று அண்ணி போனில் அழுதபோதுகூட, "எனக்கென்ன?" என்று வைத்துவிட்டாள்.

மற்றவர்கள் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்ட முள்ளை அவள் வாங்கி நாக்கில் அழுத்தினாள்.

"அக்கா, போதும்! சும்மா தொட்டாப் போதும்!" பபிதா கையைப் பிடித்து இழுத்தாள். பூங்கொடி விடவில்லை. வாயெல்லாம் உப்புக் கரித்தது.

மடியில் போன் அதிர்ந்தது. அண்ணி.

எடுத்துக் காதில் வைத்தாள். நூறு வயசு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். முள் குத்திய நாக்கு புரளவில்லை.

அந்தப் பக்கமும் பேச்சு வரவில்லை; அண்ணியின் கேவல் மட்டும் கேட்டது.