ஒன்பதாம் பிரிவு

"ஒரு நாள் அவகாசம் வேணும்" என்றார் பஞ்சாங்கம்.

குழு அறையில் இருந்த பதினோரு உறுப்பினர்களில் பத்துப் பேர் பெருமூச்சு விட்டார்கள். பதினோராவது ஆள் அவரேதான். மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சுருக்கெழுத்துக்காரி மட்டும் பல்லைக் கடித்தாள்.

சட்டசபையில் அவருக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஐந்து முறை ஜெயித்தவர். புதிதாக எது வந்தாலும் "இப்ப என்ன அவசரம்?" என்பார். பள்ளிக்கூடத்தில் கணினியில் பரீட்சையா? வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பதா? வேண்டவே வேண்டாம்.

இந்த முறை அவரிடம் மாட்டிக்கொண்டது குழந்தைக் காப்பக மசோதா. ஐம்பது பேருக்கு மேல் வேலை பார்க்கிற இடத்திலெல்லாம், அவர்களுடைய குழந்தைகளுக்கு ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்க வேண்டும். கொண்டுவந்தவர் எதிரணி டாக்டரம்மா.

"பிள்ளை வளர்ற இடம் வீடு. ஆபீஸ் இல்ல."

மூன்று வாரமாக இதே பல்லவி. அதைச் சுருக்கெழுத்தில் எழுதி எழுதி அவளுக்குக் கை வலித்ததோ இல்லையோ, வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண். கணவன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். குழந்தையைப் பார்த்துக்கொள்கிற எதிர்வீட்டு அக்கா, வருஷக் கடைசியில் மகனோடு வேறு ஊருக்குப் போகப்போகிறாள். அதற்குள் காப்பகம் வந்தால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் ராஜினாமாக் கடிதத்தையும் அவளே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

நாளை காலை குழுவில் தேறினால் மத்தியானமே சபையில் நிறைவேறிவிடும். சாயங்காலம் சபை கலைகிறது. நாளையைத் தவறவிட்டால் மசோதாவும் அதோடு போயிற்று. இவ்வளவும் தெரிந்தே மனுஷன் ஒரு நாள் கேட்கிறார்! உறுப்பினர் கேட்டால் ஒரு முறை கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. தலைவர் கொடுத்தார்.

வெளியே வந்ததும் டாக்டரம்மா அவள் தோளைத் தட்டி, ஓட்டு ஆறு நம் பக்கம் இருக்கிறது, கவலைப்படாதே என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று அவள் முணுமுணுத்துக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்குக் கூட்டம். பத்தேகாலுக்கு ஆடி அசைந்து வந்தார் பஞ்சாங்கம். கையில் மசோதா நகல். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில் கோடு. சரி, ஊற்றி மூடிவிட்டுத்தான் போகப்போகிறார் என்று முடிவுகட்டினாள்.

"ஒரே ஒரு திருத்தம்" என்றார். "ஒன்பதாம் பிரிவு. 'தாயும் தந்தையும் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால் குழந்தை சேர்த்துக்கொள்ளப்படும்'னு இருக்கு. 'தாயோ தந்தையோ'ன்னு மாத்தணும்."

டாக்டரம்மா அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். முகம் வெளுத்தது. தனியாக நின்று பிள்ளை வளர்க்கிறவர்கள் ஒருவர்கூட அந்தக் காப்பகத்தின் படியேற முடியாது. மூன்று வாரம் முட்டி மோதியும் யார் கண்ணிலும் இது படவில்லை.

சுருக்கெழுத்துக்காரிக்குக் காதெல்லாம் சுட்டது. ஒன்பதாம் பிரிவை நாலு தடவை டைப் அடித்தவளே அவள்தான்.

திருத்தத்துக்கு எல்லாருமே கை தூக்கினார்கள். அப்படியானால் நீங்களும் ஆதரவுதானே என்று தலைவர் பூரித்துப்போனார்.

"யார் சொன்னா? எதிர்க்கிறேன். பிள்ளை வளர்ற இடம் வீடு. குறிப்புல ஏத்திக்கோம்மா."

ஆறுக்கு ஐந்து. பஞ்சாங்கம் தோற்றார், மசோதா பிழைத்தது. மத்தியானம் சபையிலும் நிறைவேறியது.

கூட்டக் குறிப்பில் கையெழுத்து வாங்க அவர் அறைக்குப் போனாள். கோப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை, கேட்டேவிட்டாள்.

"நீங்க பேசாம இருந்திருந்தா இந்தச் சட்டம் வந்தும் என்னை மாதிரி ஆளுக்கு உதவியிருக்காதுங்கய்யா. வேண்டாம்னு சொல்ற நீங்களே ஏன் திருத்தினீங்க?"

"இப்பவும் வேண்டாம்னுதான் சொல்றேன். ஆனா தோத்துட்டா அது என் சட்டமும்தானே? ஓட்டைச் சட்டத்துக்கு நான் உடந்தையா இருக்க முடியாது."

"நாங்க அத்தனை பேரு பார்த்தும் தெரியல. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"போன திங்கட்கிழமை பழைய கோப்பு அறையில ஒரு வாண்டை ஒளிச்சு வெச்சிருந்தியே."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எதிர்வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல் என்று அன்று ஒரே ஒரு நாள்தான் கூட்டிவந்திருந்தாள். ஈ காக்கைக்குத் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தாள்!

"பயப்படாதே, யார்கிட்டயும் சொல்லல. கோப்பு எடுக்கப் போனேன், பார்த்தேன். வீட்ல யாரெல்லாம் இருக்கீங்கன்னு கேட்டேன். 'நானும் அம்மாவும்'னு சொன்னா. இன்னொரு 'உம்' வரும்னு காத்துட்டு நின்னேன்மா. வரல."