கீழ்வீட்டுச் சுவர்

"என் சுவத்தைத் தொடாதே. கீழ்வீட்டுச் சுவத்துக்கு மட்டும் ஒட்டு."

வெனெத்தா அத்தை இப்படிச் சொன்னதும், வெயிலில் அவளுக்கு மூளை கலங்கிவிட்டதென்றே கலோயான் நினைத்தான்.

பழைய அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில், கயிற்றில் தொங்கியபடி, சூட்டையும் குளிரையும் தடுக்கும் நுரைப்பலகை ஒட்டுவது அவன் பிழைப்பு. முன்பெல்லாம் குளிருக்குப் பயந்து ஒட்டினார்கள். இப்போது வெயிலுக்கு.

கட்டடம் முழுக்க ஒட்டினால்தான் உருப்படியான பலன். ஆனால் இந்தப் பெர்னிக் ஊரில் யார் ஒத்துப்போகிறார்கள்? அவரவர் வீட்டுச் சதுரத்துக்கு மட்டும் அவரவர் இஷ்டப்பட்ட நிறத்தில் ஒட்டிக்கொள்வார்கள்.

அடுத்த வீட்டுச் சதுரத்துக்கு ஒட்டச் சொன்ன ஆளை அவன் பார்த்ததே இல்லை.

அதுவும் கீழ்வீட்டு ராத்கோவின் சதுரம். குடியிருப்போர் கூட்டம் கூடும்போதெல்லாம் "எல்லாம் பித்தலாட்டம்" என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்தவர் அவர்தான். அத்தைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. சாயங்காலமானால் மேலே அவள் டிவி அலறும். கீழே அவர், இரண்டு வீட்டுக்கும் ஊடே ஓடும் வெந்நீர்க் குழாயில் கரண்டியால் தட்டுவார். கட்டடத்துக்கே தெரிந்த சண்டை.

போன வார வெயிலில் அவர் சமையலறையில் சுருண்டு விழுந்துவிட்டார். கதவை உடைத்துத் தூக்கிப்போனார்கள். ஆம்புலன்ஸுக்கு யார் போன் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் வேலையை முடிக்கச் சொன்னாள் அத்தை. "யாராவது கேட்டா நகராட்சின்னு சொல்லு."

இன்று மத்தியானமே ராத்கோ டாக்ஸியில் வந்து இறங்கிவிட்டார். தன் சுவரில் இருந்த புது மஞ்சள் பூச்சை அண்ணாந்து பார்த்தார்.

"நகராட்சிங்க" என்றான் கயிற்றில் தொங்கிய கலோயான்.

"இதை எந்தக் கழுதை கேட்டது?" என்று நகராட்சியைத் திட்டிக்கொண்டே அவர் உள்ளே போனார்.

சாயங்காலம் கடைசி விளிம்பையும் பூசிவிட்டு, அத்தையின் ஜன்னல் வழியாக ஏறி வந்தான். அவள் உப்புப் போட்ட மோர் கொடுத்தாள். தம்ளரை வாயிலிருந்து எடுக்காமலே, "எதுக்கு அத்தை இதெல்லாம்?" என்று முணுமுணுத்தான். அத்தனை நாளும் அந்தக் கேள்வி அவனைக் குடைந்துகொண்டிருந்தது.

"முதல்ல குடிச்சு முடி" என்றாள்.

அவளுக்குக் காது அவ்வளவு கூர்மை. ஆனாலும் டிவியைப் போட்டுச் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினாள். படத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. சுவரோரம் போய் வெந்நீர்க் குழாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். பேசாதே என்று கையைக் காட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

டங். டங். டங்.

கீழேயிருந்து, ஆத்திரத்தோடு.

அவள் உடனே டிவியை அணைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டாள்.

"மனுஷன் விழுந்த அன்னிக்கு எவ்ளோ சத்தம் வச்சும் தட்டலே" என்றாள்.