திரும்பிய நேரம் காலை 10.20

ஓய்வுபெற்ற ஏட்டான தம்பி இறந்து ஒரு மாதமாகியிருந்தது. அவர் படத்தை மாட்டக் காவல் நிலையத்தில் அழைத்திருந்தார்கள். அண்ணன் சட்டை மடிப்புக் கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒரே ஒரு குறைதாங்கய்யா,” என்றார் நிலைய எழுத்தர். “பத்தொன்பது வருஷம் முன்னாடி, காணாமப்போன ஒரு குழந்தையத் தேடிப் போனாரு. திரும்பின நேரத்தப் பதிவேட்டுல எழுதவே இல்ல. கண்டுபிடிச்சாத்தான் எழுதுவேன்னுட்டாரு.”

அண்ணனுக்குச் சுருக்கென்றது. “எங்க வீட்டுல சொன்ன சொல்ல யாரும் பாதியில விட்டதில்ல. எடுங்க அத.”

தூசி தட்டிப் பிரித்தார்கள். காலியாக இருக்க வேண்டிய கட்டத்தில், தம்பியின் கையெழுத்தில் இன்றைய தேதியும் காலை 10.20 என்ற நேரமும் இருந்தன. மை விரலில் ஒட்டியது. சுவர்க் கடிகாரம் 10.18 காட்டியது.

இரண்டு நிமிடம் கழித்து ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள்.

“சின்ன வயசுல காணாமப்போனவ நான். ஒரு போலீஸ்காரர் வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தாரு. ‘உள்ள எங்கண்ணன் விறைப்பா உட்காந்திருப்பாரு, அவர்கிட்ட மொதல்ல சொல்லு’ன்னாரு.”