யாருக்கும் புரியாத ஒரு வரி

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருக்கிறது. நாற்காலி நுனியில் காலாட்டியபடி ஹெலன், இயங்குதளத்தின் கருவான கெர்னலில், மேசைமேல் இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டின் உலோகப் பின்களை இயக்கும் பழைய நிரலை லேப்டாப்பில் சுத்தம் செய்கிறாள். எதற்கென்று யாருக்குமே தெரியாத ஒரு வரியை நீக்கிவிட்டு, போர்டை மறுபடி இயக்குகிறாள். அதன் பச்சை விளக்கு எரியவில்லை. நகத்தைக் கடிக்கிறாள். சுவர் பிளக்கிலிருந்து போர்டுக்கு வரும் ஒயரை அழுத்திப் பார்க்கிறாள். கழுத்தில் வேர்வை வழிந்த பிறகுதான் உறைக்கிறது: விசிறி சுற்றவில்லை, தெருவில் விசைத்தறிச் சத்தமும் இல்லை. “ஏட்டி, கரண்டு போயிட்டு,” என்கிறாள் அடுப்படியிலிருந்து அம்மா. “நல்லவேள, அந்த வரியால இல்ல!” ஹெலன் வாய்விட்டுச் சிரிக்கிறாள். லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஒளிர்கிறது. சற்று நேரத்தில் எங்கோ ஒரு தறி தடக்கென்று அடிக்கிறது. பின் தெருவே அதிர்கிறது. விசிறி சுழல்கிறது, மிக்சி அலறுகிறது. பச்சை விளக்கு மட்டும் எரியவில்லை. எட்டிப் பார்க்கிறாள் அம்மா. “கரண்டு போனா சிரிக்கே, வந்தா மொறைக்கே!”