அகெல்லோவுக்கு வர வேண்டிய கைதட்டல்

மின்விசிறியை நிறுத்திவிட்டு இன்னும் கிட்டே வாருங்கள் கண்ணுகளா, சத்தமாகச் சொல்ல முடியாத கதை ஒன்று வைத்திருக்கிறேன். உகாண்டாவிலிருந்து இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த கறுப்பினப் பெண்கள் அகெல்லோவும் நமுலியும். விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. அகெல்லோ நெட்டை, நமுலி குட்டை. ஆனாலும் பேராசிரியருக்கு இருவரும் ஒருத்திதான். அதை அறையில் இருவரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு நாள் வகுப்பில் அவர் நமுலியைப் பார்த்து, "போன வாரம் பிரமாதமா பேசினியேம்மா, டெல்லி கருத்தரங்குக்கு நீதான் போற" என்றார். பேசியவள் அகெல்லோ. அந்தப் பயணத்துக்கு அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது நமுலிக்குத் தெரியும். ஆனால் அவர் வாயிலிருந்து நமுலிக்கு வந்த முதல் பாராட்டு அது. வகுப்பே கைதட்டியது, அகெல்லோவும் தட்டினாள். "நன்றி சார்" என்று சொல்லி நமுலி உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலையில் அகெல்லோ கட்டிலில் உட்கார்ந்து, நமுலியைக் கீழே தன் முழங்கால்களுக்கு நடுவே இருத்தி, அவர்கள் ஊர் வழக்கப்படி பொடிப்பொடிச் சடைகளாகத் தலை பின்ன ஆரம்பித்தாள்.

"அக்கா, அது உன்னோட..."

"தலைய ஆட்டாதடி. கோணலா பின்னி மேடையேத்தினா என் மானம்தான் போகும்."

ஒரு தடவையாவது வெடுக்கென்று இழுப்பாள் என்று நமுலி கண்ணை மூடிக் காத்திருந்தாள். அந்த விரல்கள் இழுக்கவே இல்லை.

"கொஞ்சம் இறுக்கித்தான் பின்னேன் அக்கா."

"வலிக்கும்டி" என்று சொல்லி, அகெல்லோ உச்சந்தலையில் எண்ணெய் தொட்டு வைத்தாள்.

உங்கள் வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்த்துச் சோறு உண்ணும்படி நல்லா இருக்கட்டும், கண்ணுகளா.