சாண உருண்டை நின்ற இடம்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய கதை ஒன்று சொல்கிறேன். ஸ்டெல்லா டீச்சர் பலகையைச் சாய்த்து வைத்து, உருளுகிற பொருளாகப் பார்த்துக் கொண்டுவரப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள். வெறும் பலகையில் கோலி பறந்தது. சாக்கு விரித்ததும் பாதியிலேயே நின்றது. “இதுதான் உராய்வு” என்றாள். உருண்டு வந்து யார் காலடியில் நிற்கிறதோ அவர்தான் கையால் எடுத்துத் திரும்ப உருட்ட வேண்டும், அது அவளே வைத்த சட்டம். எலுமிச்சை, கொட்டைப்பாக்கு எல்லாம் ஆன பிறகு பேச்சித்தாய் தன் கொட்டாங்குச்சியைத் திறந்தாள். உள்ளே ஈரச் சாண உருண்டை, அதைக் கட்டிக்கொண்டு ஒரு கறுப்பு வண்டு. “ச்சீய், பீயுருட்டி! இனிமே இவ பேரே அதுதான்டா” என்று தங்கமாரி கத்த, வகுப்பே மூக்கைப் பொத்தியது. டீச்சரும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். தூரப் போடு என்று வாயெடுப்பதற்குள், “எல்லாத்தையும் விட நல்லா உருளும் டீச்சர்” என்று பேச்சித்தாய் பலகையிலிருந்து சாக்கை உருவிப் போட்டு, வண்டை ஒதுக்கி உருண்டையை விட்டாள். அது வைக்கோல் துணுக்கைச் சிந்திக்கொண்டே வந்து டீச்சரின் செருப்பு நுனியில் நின்றது. “உங்க முறை டீச்சர்.” எடுக்காவிட்டால் தங்கமாரி வைத்த பேர் அந்தப் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று டீச்சருக்குத் தெரியும். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்தாள். வாடை முகத்தில் அடித்தது. விரல்கள் உருண்டைக்கு நூலளவு தள்ளி நின்றுவிட்டன. பின்னாலேயே ஓடிவந்த வண்டு தலைகீழாக ஊன்றி, அதை அவள் விரல் பக்கமாகவே தள்ளத் தொடங்கியது. போய் வாருங்கள் கண்ணுகளா, கூசாத கை உங்கள் வீட்டில் தலைமுறைக்கும் தழைக்கட்டும்.